டியூட்டி ரோஸ்டரில் ஒரு மணி நேரம்

எங்கள் மருத்துவமனை நிர்வாகத்துக்கும், மருத்துவமனைகள், பராமரிப்பு இல்லங்கள், உதவி மையங்கள் ஆகியவற்றை நடத்துகிற மற்ற எல்லோருக்கும்,

வணக்கம். நான் 22 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். கடைசி 7 ஆண்டுகளாக வார்டுப் பொறுப்பும் என்னிடம் இருக்கிறது. டியூட்டி ரோஸ்டர் போடுவதும் நான்தான். ஒருவர் விடுப்பு எடுத்தால் இன்னும் மூன்று பேருடைய வாரம் கலைந்துபோகும் என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. நான் கேட்கப்போவது, வார்டில் வேலை செய்கிற எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து மனத்தில் இருப்பதைப் பேச, டியூட்டி நேரத்திலேயே ஒரு மணி நேரம். அது எவ்வளவு தொல்லை பிடித்த காரியம் என்று தெரிந்தேதான் கேட்கிறேன்.

போன மாதம் ஒரு நாள், ஏழாம் கட்டிலுக்குப் புதிதாக வந்த அம்மாவை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டேன். அவர் வந்து படுத்து அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது. நான் கூப்பிட்ட பெயர், அன்று காலை அதே கட்டிலில் இறந்துபோனவருடையது. புதிதாக வந்தவர் சிரித்துக்கொண்டே, "யாரம்மா அது, உங்கள் அக்காவா?" என்று கேட்டார். "ஆமாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டேன்.

இறந்தவர் எங்களோடு 41 நாள் இருந்தவர். காலையில் நடந்ததை அப்படியே சொல்கிறேன். மருத்துவர் வந்து பார்த்து நேரத்தைச் சொன்னார், எழுதினேன். கையிலிருந்த ஊசியையும் மூக்குக் குழாயையும் சிறுநீர்க் குழாயையும் எடுத்தோம். முகம் துடைத்தோம். வாய் திறந்துகொள்ளாமல் இருக்கத் தாடையைச் சேர்த்துத் துணி கட்டினோம். அவருடைய மகளிடம் பொருட்களை ஒப்படைத்துப் பட்டியலில் கையெழுத்து வாங்கினேன்: மூக்குக்கண்ணாடி 1, செருப்பு 1 ஜோடி, பல்செட் 1. மெத்தையைக் கிருமிநாசினி போட்டுத் துடைத்தார்கள். ஈரம் காய்வதற்குள் கீழேயிருந்து போன் வந்துவிட்டது, கட்டில் தயாரா என்று.

இதில் யார் மேலும் குற்றமில்லை. கீழே ஸ்டிரெச்சரில் ஒரு அம்மா மூச்சுத் திணறலோடு காத்திருந்தார். அவருக்குக் கட்டில் வேண்டும்தான். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் செய்யவேண்டிய ஒவ்வொன்றுக்கும் ஒரு படிவம் இருந்தது, ஒரு பொறுப்பாளர் இருந்தார். 41 நாள் தலைவாரிவிட்ட கைக்கு மட்டும் எந்த ஏற்பாடும் இல்லை. அடக்கிவைத்தது பிற்பகலில் தப்பான பெயராக வாயிலிருந்து வந்துவிட்டது. பெயர் என்பதால் பிழைத்தோம். மருந்தின் அளவாக இருந்திருந்தால்?

எங்கள் மனநலத்தில் உங்களுக்கு அக்கறையே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆண்டுக்கு ஒரு நாள் பூங்கொத்து கொடுக்கிறீர்கள். எங்களைத் தேவதைகள் என்று மேடையில் பேசுகிறீர்கள். (தேவதைகளுக்குக் கால் வலிக்காது, அதுதான் அந்தப் பட்டத்தில் எனக்குள்ள சந்தேகம்.) மன அழுத்தத்தைச் சமாளிப்பது எப்படி என்று பயிற்சி வகுப்பும் நடத்தினீர்கள். அது பிற்பகல் 3 மணிக்கு. இரவு டியூட்டி முடித்துத் தூங்கப் போனவர்களும் எழுந்து வந்து வருகைப்பதிவில் கையெழுத்துப் போட்டார்கள். கண்ணை மூடி, மூச்சை இழுத்து, மனத்துக்குள் நான்குவரை எண்ணச் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் மூன்றிலேயே தூங்கிவிட்டார். நான் எழுப்பவில்லை. அந்த வகுப்பால் யாருக்காவது பலன் கிடைத்தது என்றால் அது அவருக்குத்தான்.

மூச்சுப் பயிற்சி கெட்டது என்பதல்ல என் வாதம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டில், 2022 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த 11ஆம் பதிப்பில், 'பர்ன்அவுட்' (வேலையில் எரிந்து தீர்ந்துபோவது) என்ற சொல்லுக்கு விளக்கம் இருக்கிறது. அதை நோய் என்று அவர்கள் வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த ஒரு நிலை என்கிறார்கள். பணியிடத்தில் நீண்டகாலமாகச் சரிவரக் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்கிறார்கள். புகை கிளம்புகிற இடம் பணியிடம் என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கும்போது, மூக்கைப் பொத்திக்கொள்ளும் முறையை மட்டும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருப்பது சரியா என்றுதான் கேட்கிறேன்.

இதைவிடக் கடினமான ஒன்றும் உண்டு. எங்கள் தொழிலில் அதிகம் சொல்லப்படும் பொய் எது தெரியுமா? "இதோ வந்துவிடுகிறேன்" என்பதுதான். இரவில் இரண்டு பேர் 30 நோயாளிகளைப் பார்க்கும்போது, பயந்துபோன ஒரு பெரியவர் "கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்காரம்மா" என்கிறார். உட்காரவேண்டும் என்று எனக்குத் தெரியும். உட்கார முடியாது என்பதும் தெரியும். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறேன். விடிகிறது. செய்யவேண்டியது எதுவென்று தெரிந்தும், நிறுவனத்தின் ஏற்பாடு அதைச் செய்யவிடாமல் தடுக்கும்போது வரும் இந்த வேதனைக்கு 1984இல் ஆண்ட்ரூ ஜேம்டன் என்ற மெய்யியல் அறிஞர், செவிலியர்களைப் பற்றி எழுதுகையில், தனியாகவே ஒரு பெயர் வைத்தார்; தமிழில் அறத்துயரம் எனலாம். இது களைப்பு அல்ல. தூங்கி எழுந்தால் போகாது. மனம்விட்டுப் பேசினாலும் முழுதாகப் போகாது. மூன்றாவது ஆள் வந்தால் போகும். ஆகவே, நான் கேட்கும் ஒரு மணி நேரத்தைக் கொடுத்துவிட்டு, ஆள் எடுப்பதைத் தள்ளிப்போட்டுவிடாதீர்கள் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சரி, அழாமல் வேலை பார்ப்பது எப்படி என்று நாங்களே ஒரு வழி கண்டுபிடித்துத்தான் வைத்திருக்கிறோம். ஏழாம் கட்டில் என்றுதானே இந்த மடலில் நானும் எழுதியிருக்கிறேன்? 1950களின் இறுதியில் லண்டனில் ஒரு பயிற்சி மருத்துவமனை, மாணவச் செவிலியர்களை எங்கெங்கே வேலைக்குப் போடுவது என்ற குழப்பத்தைத் தீர்க்க ஆலோசனை கேட்டது. ரோஸ்டர் தகராறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். போய்ப் பார்த்த இசபெல் மென்சிஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் கண்டது வேறு. நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணாலோ நோயின் பெயராலோ குறிப்பிடுவது. ஒரே செவிலியர் ஒரே நோயாளியோடு நெருங்கிவிடாதபடி வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொடுப்பது. எதையும் திரும்பத் திரும்பச் சரிபார்த்துப் பொறுப்பை மேலே தள்ளிவிடுவது. சாவையும் வலியையும் அருகில் பார்ப்பதில் வரும் பதற்றத்தைத் தாங்கிக்கொள்ள அந்த மருத்துவமனை கட்டிக்கொண்ட மதில் இது என்றார் அவர். மதில் பதற்றத்தைத் தணிக்கவில்லை. வேலையில் கிடைக்கவேண்டிய நிறைவைத்தான் மறைத்தது. மாணவியரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் படிப்பை முடிக்காமலே போனார்கள், அதுவும் நன்றாக வேலை செய்யக்கூடியவர்கள். எங்களை மரத்துப்போனவர்கள் என்று உறவினர்கள் உங்களிடம் புகார் எழுதும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.

நான் கேட்பது புதிதாகக் கண்டுபிடிக்கவேண்டிய ஒன்றல்ல. பாஸ்டன் நகரில் கென்னத் ஷ்வார்ட்ஸ் என்று ஒரு வழக்கறிஞர் இருந்தார். சுகாதாரத்துறை வழக்குகள்தான் அவருடைய துறை. 40 வயதில் நுரையீரல் புற்றுநோய் வந்து 1995இல் இறந்துபோனார். இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன் பத்திரிகையில் தன் அனுபவத்தை எழுதினார். தன்னைக் கவனித்துக்கொண்டவர்கள் விதிகளைச் சற்றே தளர்த்தி, தொழில்முறை இடைவெளியைத் தாண்டிக் காட்டிய சின்னச் சின்ன அன்புதான் தாங்கமுடியாததைத் தாங்கவைத்தது என்பதே அதன் சாரம். அந்த அன்பு வற்றாமல் இருக்க, அதைக் கொடுப்பவர்களை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்வி அங்கிருந்து பிறந்தது. அவர் பெயரில் அமைந்த மையம் 1997இல் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் கூட்டங்களைத் தொடங்கியது. இன்று பல நாடுகளில் நூற்றுக்கணக்கான இடங்களில் நடக்கின்றன.

கூட்டம் மிக எளிமையானது. ஒரு மணி நேரம். மூன்று நான்கு பேர் தாங்கள் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றிச் சில நிமிடம் பேசுவார்கள். என்ன சிகிச்சை கொடுத்தோம் என்பதைப் பற்றியல்ல, அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதைப் பற்றி. பிறகு கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பேசுவார்கள், அல்லது பேசாமல் இருப்பார்கள். யாரும் தீர்வு சொல்லக்கூடாது. தவறு யாருடையது என்று துருவக்கூடாது. மருத்துவர், செவிலியர், லிஃப்ட் இயக்குபவர், துப்புரவுப் பணியாளர் எல்லோரும் ஒரே அறையில்.

கடைசியாகச் சொன்னதில் நீங்கள் கைவைக்கக்கூடும் என்பதால் அதை அழுத்திச் சொல்கிறேன். ஏழாம் கட்டில் அம்மாவோடு அதிகம் பேசியவர் மருத்துவரும் அல்ல, நானும் அல்ல. காலையில் தரை துடைக்க வருகிறவர். குனிந்து வேலை செய்கிறவரிடம் நோயாளிகள் தைரியமாகப் பேசுவார்கள். அந்த அம்மா இறந்த அன்று அவருக்கு விடுப்பு. மறுநாள் வந்து, வாளியும் கையுமாகக் கட்டிலருகே போய், வேறொரு முகத்தைப் பார்த்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையை மட்டும் அசைத்தேன். அவர் துடைக்க ஆரம்பித்தார். எந்தப் பயிற்சி வகுப்புக்கும் அவரை இதுவரை யாரும் கூப்பிட்டதில்லை.

மனிதர்களின் துயரத்தைக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட உளவள ஆலோசகர்கள் இதை எப்போதோ புரிந்துகொண்டுவிட்டார்கள். பிரிட்டனில் அவர்களுடைய பெரிய சங்கம், அங்கீகாரம் பெற்ற உறுப்பினர்கள் மாதம் குறைந்தது ஒன்றரை மணி நேரமாவது அனுபவம் வாய்ந்த இன்னொருவரிடம் உட்கார்ந்து தங்கள் வேலையைப் பற்றிப் பேசவேண்டும் என்று விதித்திருக்கிறது. அதைப் பலவீனத்தின் அடையாளமாக அங்கே யாரும் பார்ப்பதில்லை. செய்யாவிட்டால்தான் கேள்வி வரும். குழந்தைகள் பாதுகாப்பில் வேலை செய்பவர்கள், தற்கொலைத் தடுப்பு உதவி எண்களில் இரவெல்லாம் போன் எடுப்பவர்கள், ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள், சிறப்புப் பள்ளி ஆசிரியர்கள் ஆகியோருக்கும் இப்படி ஒன்று வேண்டும். ஒரு கோரிக்கைக்குள் எல்லாவற்றையும் அடைக்கவேண்டாம் என்றுதான் என் வார்டோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நல்ல எண்ணத்தில் நீங்கள் எதிர்த்திசையில் ஓடிவிடக்கூடாது. மோசமான சம்பவம் நடந்த உடனேயே, சம்பந்தப்பட்ட எல்லோரையும் அறையில் உட்காரவைத்து, நடந்ததை ஒன்றுவிடாமல் சொல்லவைக்கும் முறை ஒன்று பல ஆண்டுகள் புழக்கத்தில் இருந்தது. அப்படி ஒரே தடவை நடத்தும் அமர்வு பிற்கால மனவடு நோயைத் தடுப்பதில்லை என்றும், யாரையும் கட்டாயப்படுத்தி அதில் உட்காரவைக்கக்கூடாது என்றும் மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2002இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு சொன்னது. சிலருக்கு அன்று வேண்டியது ஒரு டம்ளர் தண்ணீர், வீடுவரை துணை, மறுநாள் விடுப்பு. பேசவேண்டும் என்று தோன்றும்போது பேசுவார்கள். கதவைத் திறந்து வையுங்கள், பிடித்துத் தள்ளாதீர்கள்.

தவறு நடந்த நாள் மட்டும் தனி. மருந்து மாறிவிட்டது, நோயாளிக்குக் கெடுதல் வந்துவிட்டது. அன்று முதலில் பார்க்கப்படவேண்டியவர் நோயாளியும் அவர் குடும்பமும்தான்; இதில் இரண்டு கருத்து இருக்கமுடியாது. ஆனால் அந்த ஊசியைப் போட்டவர் அன்றிரவு எப்படிப் படுக்கிறார்? 2000இல் ஆல்பர்ட் வூ என்ற மருத்துவர், அவரை 'இரண்டாவது பாதிக்கப்பட்டவர்' என்று குறிப்பிட்டார். பாதிப்புக்கு உள்ளான குடும்பங்களில் சிலர் இந்தச் சொல்லை ஏற்பதில்லை, அவர்கள் பக்கம் நியாயம் உண்டு. வேறு சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ளலாம். எங்கள் நடைமுறையில் அவருக்குக் கிடைப்பது விளக்கம் கேட்கும் கடிதம் ஒன்றுதான். கடிதம் கொடுங்கள், விசாரியுங்கள். கொடுக்கிற கையோடு, அதே வேலையைப் பார்த்துத் தேறிய ஒருவரை அவர் பக்கத்தில் உட்காரவையுங்கள். விசாரிப்பவரும் உட்காருபவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது.

ரகசியம் என்ற விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்த அறையில் பேசியது ஆண்டு மதிப்பீட்டில் 'உணர்ச்சிவசப்படுபவர்' என்று ஒரு சொல்லாகக்கூட வந்துவிடக்கூடாது. நியூயார்க்கில் அவசர சிகிச்சைப் பிரிவுத் தலைவராக இருந்த லோர்னா ப்ரீன் என்ற மருத்துவர், கொரோனாவின் முதல் அலையில் உழைத்துத் தளர்ந்து, 2020 ஏப்ரலில் தம் உயிரை மாய்த்துக்கொண்டார். மனநலத்துக்குச் சிகிச்சை எடுத்தது தெரிந்தால் உரிமமும் வேலையும் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு இருந்தது என்று குடும்பத்தினர் சொன்னார்கள். 2022 மார்ச்சில், சுகாதாரப் பணியாளர்களின் மனநலத்துக்காக அவர் பெயரிலேயே அமெரிக்காவில் சட்டம் வந்தது. நம் இடத்தில் சட்டம்வரை போகவேண்டாம். மேலதிகாரி அந்த அறைக்குள் நோட்டுப் புத்தகத்தோடு வராமல் இருந்தால் போதும்.

சம்பளம் வாங்காமல் இதே வேலையைச் செய்கிறவர்கள் வார்டிலேயே இருக்கிறார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில், முதுகு சாய்க்க வழியில்லாத ஸ்டூலில்.

பக்கவாதம் வந்த ஒரு பெரியவருக்கு அவருடைய மகள் துணை. படுக்கைப்புண் வராமல் இருக்க 2 மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்போம். அதற்கு ஒரு அட்டவணை கட்டிலின் கால்மாட்டில் தொங்கும். நேரம், இடதுபுறம், மல்லாந்து, வலதுபுறம், செவிலியர் கையெழுத்து. உண்மையில், இரவு 2 மணிக்கும் 4 மணிக்கும் அவரைப் புரட்டியது அந்த மகள். கையெழுத்து எங்களுடையது. அவருடைய பெயரை எழுத அந்தத் தாளில் கட்டமே இல்லை. 19ஆம் நாள் இரவு நான் சலைன் பார்க்கப் போனபோது, தலையைத் தூக்காமலே சொன்னார்: "சிஸ்டர், அப்பா சீக்கிரம் போய்விட்டால் நல்லது என்று இன்றைக்கு நினைத்துவிட்டேன்."

நான் சலைன் சொட்டும் வேகத்தைச் சரிபார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. மறுபடியும் ஒரு முறை சரிபார்த்தேன்.

அந்த எண்ணம் பாவமல்ல, நீண்ட நாள் பார்த்துக்கொள்கிற பலருக்கும் வருவதுதான், அன்பு குறைந்ததற்கு அது அடையாளமல்ல என்று சொல்லியிருக்கவேண்டும். அடுத்த இரவாவது நான்கு மணி நேரம் தூங்குங்கள், புரட்டுவது எங்கள் வேலை என்று சொல்லியிருக்கவேண்டும். இரண்டாவதைச் சொல்ல ஆள் இல்லை, முதலாவதைச் சொல்ல எனக்கு அன்று வாய் வரவில்லை.

டிமென்ஷியா என்ற மறதிநோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் 13 பெண்களையும், அதே வயதில் அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் வைத்து அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. 1995இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. எல்லோருக்கும் முன்கையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் ஒரே மாதிரியான சிறு காயம். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு அது ஆற சராசரியாக 9 நாள் கூடுதலாகப் பிடித்தது. இதைப் படித்தபோது எனக்கு அந்தப் பெரியவரின் அட்டவணைதான் ஞாபகம் வந்தது. தோல் புண்ணாகாமல் பார்த்துக்கொள்ளத்தான் அந்தப் பெண் தூக்கம் விழித்தார்.

இவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது பெரிய செலவல்ல. பராமரிப்பவரின் சுமையை அளக்க, 1980இல் ஸ்டீவன் ஸாரிட் குழுவினர் உருவாக்கிய வினாத்தாள் ஒன்று இருக்கிறது. பரவலாகப் புழங்கும் வடிவத்தில் 22 கேள்விகள். நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டோடு பார்த்துக்கொள்கிறவரிடமும் இதை நிரப்பி வாங்கலாம். சுமை அதிகம் என்று தெரிந்தால், யாரிடம் அனுப்புவது என்பதும் முடிவாகியிருக்கவேண்டும். கேட்டுவிட்டுக் கையை விரிப்பதைவிடக் கேட்காமலே இருக்கலாம். வாரத்தில் ஒரு நாள் சில மணி நேரம் மாற்றாள் ஏற்பாடு. முதுகு சாய்கிற நாற்காலி. அட்டவணையில் இன்னொரு கட்டம். அந்தக் கடைசிக் கோரிக்கையை உங்கள் பதிலுக்குக் காத்திராமல் நானே நிறைவேற்றிவிட்டேன். எங்கள் வார்டில் இப்போது கையெழுத்துக்குப் பக்கத்தில் 'உடன் இருந்தவர்' என்று பேனாவால் ஒரு கோடு போட்டிருக்கிறோம்.

வரும் மாதத்து ரோஸ்டரை இந்த மடலோடு இணைத்திருக்கிறேன். மூன்றாவது வாரம் புதன்கிழமை, காலை ஷிப்டும் பிற்பகல் ஷிப்டும் கைமாறும் நேரத்தில், 1 மணி முதல் 2 மணிவரை பென்சிலால் ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். அது டியூட்டி நேரம். விடுப்பிலும் கழிக்கக்கூடாது, வீட்டுக்குப் போகும் நேரத்திலும் எடுக்கக்கூடாது. துப்புரவுப் பணியாளர்களின் பெயர்களும் அதில் இருக்கின்றன. அந்த ஒரு மணி நேரம் வார்டைப் பார்த்துக்கொள்ள வேறு பிரிவிலிருந்து இரண்டு செவிலியர்கள் வேண்டும். கையெழுத்துப் போடும்போது அவர்களை எங்கிருந்து அனுப்புகிறீர்கள் என்பதையும் எழுதிவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பென்சில் மேல் பேனாவால் எழுதுவேன்.

இப்படிக்கு,
வார்டுப் பொறுப்புச் செவிலியர் ஒருவர்